துணி, அளவு, அப்புறம்தான் நிறம்: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் அன்றாட உடை

பீரோ கதவை மூட முடியாத அளவுக்குத் துணி இருக்கும். காலை எட்டு மணிக்கு மட்டும் போட ஒன்றும் இருக்காது. கடையில் நாம் பார்க்கிற வரிசையில்தான் இந்தச் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலில் நிறம் கண்ணை இழுக்கும், அடுத்து விலைச்சீட்டு, அப்புறம் 'எக்ஸ்எல் இருக்கா' என்ற கேள்வி. என்ன துணி என்பது முதல் சலவைக்குப் பிறகுதான் தெரியவரும். இந்த வரிசையை அப்படியே திருப்புங்கள்: முதலில் துணி, அடுத்து அளவு, கடைசியில் நிறம். நிறம் சற்று முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். வியர்வை குடிக்காத துணியையும், தோளில் உட்காராத தையலையும் எந்த நிறமும் காப்பாற்றாது.

துணி: கடையிலேயே கண்டுபிடிக்கலாம்

சேலத்து வெயிலும் சென்னை வெயிலும் ஒன்றல்ல. இங்கே கடல் ஈரம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுவது சகஜம். ஆனால் காற்று வறண்டிருப்பதால், துணி வழிவிட்டால் வியர்வை சீக்கிரம் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். பாலியஸ்டரைப் போட்டு அந்த வழியை அடைத்துக்கொள்வது நாமே தேடிக்கொள்கிற வினை. மெல்லிய, கொஞ்சம் லூசான காட்டன்தான் இந்த ஊருக்கு முதல் தேர்வு. பைக்கில் போகிறவருக்கும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கும் அரைக்கையைவிட மெல்லிய முழுக்கைதான் நல்லது. வெயில் நேராகத் தோலில் படாது. சட்டைக்குள் காற்றும் ஓடும்.

கடையில் கசக்கிப் பாருங்கள். துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். ஆழமாகச் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால் காட்டன், லினன் அல்லது ரேயான். ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்தால் பாலியஸ்டர். சுருங்கி மெல்ல விரிந்தால் கலப்பு. தினமும் இஸ்திரி போட நேரமில்லாதவர்களுக்கு ஆபீஸ் சட்டையில் கலப்பு வசதிதான். லேபிளில் காட்டன் பங்கு 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வைத்துவிடுங்கள்.

வெளிர் நிறம் வாங்கும்போது துணிக்குப் பின்னால் கையை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். விரல் இடுக்குகள் லேசாகத் தெரிந்தால் உள்ளே பனியனோ ஸ்லிப்போ போட்டு அணியலாம். ரேகை வரைக்கும் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துப் பற்றவையுங்கள். காட்டன் காகிதம்போல் எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகிற கரியை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் இந்தச் சோதனையில் காட்டன் மாதிரியே நடிக்கும், கவனம். அதைக் கண்டுபிடிக்க நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் ஈரத்தில் வலுவிழந்து சட்டென்று அறும். காட்டன் ஈரத்தில் இன்னும் உறுதியாக நிற்கும். ரேயான் குர்தி நாலைந்து சலவையில் தொங்கிப் போவது இதனால்தான். குளுகுளுவென்று இருக்கும் என்பதற்காக வாங்கினால், முறுக்கிப் பிழியாமல் துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் மடித்துப் போட்டுக் காயவையுங்கள்.

பனியன் துணி டீ ஷர்ட்டுக்கு இரண்டு விஷயம் போதும். எடை 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை இருந்தால் கீழே ஊருக்குச் சரி. 220க்கு மேல் போனால் அதை ஏற்காட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, தோளைப் பிடித்துத் தொங்கவிட்டு இரண்டு பக்கத் தையலையும் பாருங்கள். தையல் நேராகக் கீழே இறங்காமல் வயிற்றுப் பக்கம் வளைந்து வந்தால், துணியில் இருக்கும் முறுக்கத்தை எடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். துவைக்கத் துவைக்க முறுக்கம் கூடும். தையலைப் பிரித்துப் போட்டாலும் சரியாகாது. திருப்பூர் செகண்ட்ஸ் மலிவாகக் குவிகிற இடங்களில் அதிகம் மாட்டுகிற கோளாறு இது.

சேலத்துக்குப் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையின் சேலை பற்றி ஒரு வார்த்தை. விலைக்கு ஏற்ற வேலைப்பாடு என்று பார்த்தால் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் 'சாஃப்ட் சில்க்' என்று சொல்லி விற்கிற எல்லாமே பட்டு அல்ல; பலவற்றில் இருப்பது செயற்கை இழை. ஏசி மண்டபத்தில் மாலை ரிசப்ஷனுக்கு அது அருமையாக நிற்கும். சித்திரை மாதத்துப் பகல் கல்யாணத்துக்கு அதையே கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் இலையில் பாயசம் விழுவதற்கு முன்பே முதுகு நனைந்துவிடும். பட்டு என்று பட்டு விலை கேட்டால் சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள். கைத்தறி என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அன்றாடத்துக்குக் கைத்தறிக் காட்டன் வேண்டுமானால், 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

அளவு: தோளில் பிடித்தால் போதும்

ரெடிமேட் எதை வாங்கினாலும் தோளை மட்டும் சமரசம் செய்யாதீர்கள். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தை மடிக்கலாம், கையைக் குறைக்கலாம். எல்லாம் தெருமுனை டெய்லர் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார். தோளைத் திருத்த வேண்டுமானால் கையையே கழற்றி மறுபடி வைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அநேகமாக இன்னொரு சட்டைத் துணியே கிடைத்துவிடும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அரை இஞ்ச் வெளியே போனாலும் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டமாதிரி இருக்கும். உள்ளே வந்தால் கையைத் தூக்கும்போது முதுகில் கோடு விழும்.

சட்டைக்கு மற்ற அளவுகள்: காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். மார்புப் பட்டன்களுக்கு நடுவில் வாய் திறக்கக் கூடாது. அரைக்கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே முடிந்து, கைக்கும் துணிக்கும் இடையில் இரண்டு விரல் இடம் விட வேண்டும். வெளியே விட்டு அணிகிற சட்டையின் ஓரம் ஜிப்பின் பாதி வரை வந்தால் போதும். அதற்குக் கீழே இறங்கினால் கால் குட்டையாகத் தெரியும்.

காட்டன் சுருங்கும். மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை போகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெடிமேடில் நீளத்தை அதற்கேற்பச் சற்றுக் கூடுதலாக எடுங்கள். தைக்கக் கொடுப்பதானால் துணியை ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். லைனிங் துணிக்கு இது கட்டாயம். ஜாக்கெட்டின் மேல்துணி சுருங்காமல் உள்ளே இருக்கும் காட்டன் லைனிங் மட்டும் சுருங்கினால், முதுகு முழுக்கக் கொப்பளம்போல் எழும்பி நிற்கும். டெய்லரைத் திட்டிப் பயனில்லை.

ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் கொடுக்கும்போது புதிதாகத் தைத்ததைக் கொடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு முறை துவைத்தும் இன்னும் பிடித்து உட்கார்கிற ஒன்றைக் கொடுங்கள். சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி வழக்கமாக 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வேண்டும் என்றாலோ, மார்பளவு 40க்கு மேல் என்றாலோ ஒரு மீட்டர் இல்லாமல் சரிவராது. வெட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தனியாக வாங்கிவிடலாம். இரண்டு பக்கத் தையலிலும் ஒன்றரை இஞ்ச் உள்ளே விடச் சொல்லுங்கள். இரண்டு தீபாவளிக்கு அது காப்பாற்றும்.

இனி, அதிகம் பேர் தப்பாகவே கேட்கிற ஒரு திருத்தம். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டோ குர்தியோ மொத்தமாக மேலே ஏறுகிறது என்பார்கள். 'கை வட்டம் இறுக்கம், கொஞ்சம் இறக்கி வெட்டுங்கள்' என்று டெய்லரிடம் சொல்வார்கள். அவரும் இறக்கித் தருவார். அடுத்த முறை இன்னும் அதிகமாக ஏறும். காரணம் எளிது: கை வட்டம் அக்குளிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு, கையைத் தூக்கும்போது உடம்புத் துணியும் சேர்ந்து இழுபடும். வட்டம் அக்குளை ஒட்டி உயரமாக இருந்து, கையின் அகலம் தாராளமாக இருந்தால் கை மட்டும் எழும்பும். உடுப்பு இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே சொல்ல வேண்டியது இது: 'வட்டத்தை இறக்காதீங்க, கையில அரை இஞ்ச் லூஸ் கொடுங்க.' ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்காதீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள், ஸ்டூலில் உட்காருங்கள், கீழே குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். இந்த மூன்றிலும் நிற்கிற உடுப்புதான் அன்றாட உடுப்பு.

குர்தியில் பக்கத் திறப்பு இடுப்பெலும்புக்கு அருகே தொடங்க வேண்டும். தொடை வரை தைத்து மூடியிருந்தால் ஸ்கூட்டியில் ஏறும்போது அந்த முனையில்தான் முதலில் கிழியும். அந்த முனையில் ஒரு சிறு குறுக்குத் தையல் போட்டு வாங்குங்கள். பேண்ட்டில் பார்க்க வேண்டியது பாக்கெட் வாய்: நிற்கும்போதே காது மாதிரி விரிந்திருந்தால் இடுப்புச் சுற்று பற்றவில்லை.

நிறம்

கடை வெளிச்சத்தில் எடுத்த நிறம் வீட்டில் வேறாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பில் போட்ட பிறகே வாசலுக்கு வருகிறோம். பில்லுக்கு முன்பே கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போகக் கேளுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

'உன் நிறத்துக்கு இது எடுக்காது' என்று வீட்டில் சொல்கிற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டுத் துணியை நாடிக்குக் கீழே பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் கண்ணுக்குப் படுவது முகமா, துணியா? முகம் என்றால் எடுங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், பாட்டில் பச்சை போன்ற அழுத்தமான நிறங்கள் பளிச்சென்று எடுக்கும். முகத்தை மங்க வைப்பது நம் தோலோடு கலந்துவிடுகிற சந்தனம், வெளிர் பழுப்பு வகைகள்தான். அவற்றைக் கழுத்துப் பக்கம் வைக்காமல் பேண்ட்டுக்கும் பலாஸோவுக்கும் இறக்கிவிட்டால் அதே நிறம் நன்றாக உழைக்கும்.

வியர்வையையும் கணக்கில் எடுங்கள். ஈரத்தை அதிகம் காட்டிக்கொடுப்பது நடுத்தரச் சாம்பலும் ஆகாய நீலமும். வெள்ளை, நேவி ப்ளூ, சின்னச் சின்னப் பூப்போட்டவை மறைக்கும். கறுப்பு ஈரத்தை மறைக்கும், ஆனால் காய்ந்ததும் முதுகில் வெள்ளை உப்புக்கோடு போடும்.

சேர்க்கைக்கு ஒரே விதி போதும். ஒரு உடையில் பூப்போட்டது ஒன்று, மற்றவை பிளெய்ன். பிளெய்னின் நிறத்தைப் பூவின் பெரிய நிறத்திலிருந்து எடுக்காமல், அதில் ஓரமாக ஒளிந்திருக்கிற சின்ன நிறத்திலிருந்து எடுங்கள். நீலத்தில் சிவப்புப் பூ, நடுவே கடுகு மஞ்சள் புள்ளி என்றால் ஷால் கடுகு மஞ்சளில் இருக்கட்டும். செட்டாக வாங்கியதைப்போல் தெரியாமல், யோசித்துப் போட்டதாகத் தெரியும்.

எத்தனை வேண்டும்

வேலைக்கோ காலேஜுக்கோ தினமும் போகிறவருக்கு ஆறு மேல் உடுப்பு, மூன்று கீழ் உடுப்பு. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தால் பதினெட்டு ஜோடி. சேர்வதற்கு வழி, கீழ் உடுப்பு மூன்றையும் முதலில் முடிவு செய்வது: நேவி, சந்தனம், மூன்றாவதாகக் கறுப்போ அரக்கோ. புதிதாக எந்தச் சட்டையையோ குர்தியையோ கையில் எடுத்தாலும் இந்த மூன்றில் இரண்டோடாவது சேர வேண்டும். சேராவிட்டால் அது ஒற்றையாக பீரோவில் தொங்கப் போகிறது. ஷால் மூன்று போதும். அதில் ஒன்று பல நிறம் கலந்த பிரிண்ட்டாக இருந்தால் மற்ற எதையும் கட்டிப்போட்டு நிறுத்தும். செருப்பு, பெல்ட், கைப்பை மூன்றையும் ஒரே பழுப்பில் வைத்துக்கொண்டால் காலையில் யோசிக்க வேண்டியதில்லை.

இருக்கிற பீரோவிலிருந்தே தொடங்குவதானால், எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: போன மாதம் போட்டது, திருத்தினால் போடலாம் என்பது, ஒரு வருடமாகத் தொடாதது. இரண்டாவது குவியலை அன்று மாலையே டெய்லரிடம் கொண்டுபோகாவிட்டால் அது மூன்றாவதோடு சேர்ந்துவிடும்.

வாரநாளில் சேலை

சேலை நேரம் பிடிக்கிறது என்ற புகாரில் பாதி, காட்டன் சேலை நிற்காமல் படுத்துக்கொள்வதால் வருவது. அதற்குக் கஞ்சி. சேலத்துக்காரர்களுக்கு அதற்கான பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஜவ்வரிசி. அரிசிக் கஞ்சியைவிட நிறமற்றது என்பதால் அடர் நிறச் சேலைக்கு இதுதான் ஏற்றது.

ஒரு சேலைக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் மாவு ஜவ்வரிசி, இரண்டு மணி நேரம் ஊறட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில், அடிபிடிக்காமல் கிளறியபடி, முத்துகள் கண்ணாடிபோல் ஆகிற வரை காய்ச்சுங்கள். சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் பிசினாகி வடியாது. வடித்ததை அரை வாளித் தண்ணீரில் கரைத்து, அலசி ஈரமாக இருக்கிற சேலையை அதில் முக்கி ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். உலர்ந்த சேலையை முக்கினால் முதலில் தொட்ட இடமே கஞ்சியையெல்லாம் குடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். லேசாகப் பிழிந்து, நிழலில், கரையை இழுத்துவிட்டு உலர்த்துங்கள். முழுக்கக் காய்வதற்கு முன், தொட்டால் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் இஸ்திரி போட வேண்டும்.

கஞ்சி கெட்டியானால் சேலை காகிதமாக நிற்கும். மடிப்பில் இழை முறியும். கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் பூச்சி வரும். ஐப்பசி மழையில் சரியாகக் காயாமல் புளித்த வாடை அடிக்கும். அந்த மாதத்தில் கஞ்சி வேண்டாம்.

கட்டும்போது: அன்று போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டே உள்பாவாடையைக் கட்டுங்கள். பாவாடை ஓரம் தரைக்கு ஒரு இஞ்ச் மேலே. கொசுவம் நாலு முதல் ஐந்து இஞ்ச் அகலத்தில் ஐந்தாறு மடிப்பு. தோளில் ஊக்கு குத்தும்போது முதலில் ஊக்கில் ஒரு சின்ன மணியைக் கோர்த்துவிட்டுக் குத்துங்கள். ஊக்கின் வளைவு இழையில் சிக்கிக் கிழிக்காது. ராத்திரியே முந்தி மடிப்பை எடுத்து, ஊக்கு குத்தி, ஹேங்கரில் போட்டுவைத்தால் காலையில் ஐந்து நிமிடம் மிச்சம்.

ஸ்கூட்டியில் போகிறவர்கள் முந்தியை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகியே ஆக வேண்டும். ஷாலும் அப்படியே: இரண்டு முனையையும் பின்னால் தொங்கவிடாமல் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் அழகைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு சேலத்துப் பெருமைதான். ஆனால் வாரநாளுக்குச் சலங்கை அதிகம் இல்லாத, கொக்கி உள்ளே மடங்கியிருக்கிற கெட்டிக் கொலுசாக எடுங்கள். வாங்கும்போது ஒரு பழைய கைக்குட்டையை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் சேலைக்கரையின் ஜரிகையும் சிக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் மஞ்சள் சேலை, கொலுசு, நெரிசல் மூன்றும் சேரும்போது இது அனுபவத்தில் புரியும். சேலைக்குக் கட்டாயம் ஃபால்ஸ் வைத்திருங்கள்.

வேட்டி

நாலு முழம் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும். வெளியே மரியாதையான இடம் என்றால் எட்டு முழம். சுற்று கூடுவதால் உள்ளே தெரியாது, நடக்கும்போது விலகாது. கரை அரை இஞ்ச், மிஞ்சினால் ஒரு இஞ்ச். கரை நிறத்திலேயே சட்டை என்று ஒரே பாக்கெட்டில் விற்பதை அண்ணன் தம்பி நாலு பேர் போட்டு நின்றால் கேட்டரிங் ஆட்கள் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. சட்டை வெளிர் நிறத்தில், கரை தனி நிறத்தில் இருந்தால் போதும். கரை வாங்கும்போது கட்சி நிறம் எது எது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகத் தேர்தல் சமயத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போவதானால்.

கல்யாணத்துக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி ஒன்று இருந்தால் வாழ்நாளுக்குப் போதும். அதை நீலம் போட்டு அலசாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். வெயில் வெண்பட்டைப் பழுக்கவைக்கும். மடிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடியுங்கள்.

மலை ஏறும் நாள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், முப்பது கிலோமீட்டர் பயணத்தில் எட்டு டிகிரி இறங்கிவிடுகிறது. அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டே ஸ்வெட்டர் போட முடியாது. இருபதாவது கொண்டை ஊசி வளைவில் போடாமல் இருக்கவும் முடியாது. ஆகவே அடுக்கு.

உள்ளே மெல்லிய டீ ஷர்ட் அல்லது காட்டன் குர்தி. அதன்மேல் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மெல்லிய ஸ்வெட்டர்; தலைவழியே போடுகிற வகையை பைக்கில் நின்று மாற்றுவது தொல்லை. மூன்றாவதாகக் காற்றையும் தூறலையும் தடுக்கிற மெல்லிய ஜெர்க்கின். ஒரே கனத்த கம்பளிக் கோட்டைவிட இந்த மூன்றும் சேர்ந்து எடை குறைவு, ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். கீழே வியர்த்த டீ ஷர்ட்டோடு மேலே போனால் அந்த ஈரமே நடுங்க வைக்கும்; மாற்று பனியன் ஒன்றைப் பையில் வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் 'வெயில் காலம்தானே' என்று இந்தப் பையைக் கீழேயே விட்டுவிட்டுப் போய், மாலை மழையில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஷாலைப் போர்த்திக்கொண்டு நிற்பது வருடாவருடம் நடப்பது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மூடுபனியில் மறுநாளும் காயாது, கனம் வேறு. மெல்லிய காட்டன் பேண்ட் அல்லது ட்ராக் நல்லது. இடுப்பை இறுக்குகிற பெல்ட்டையும் வளைவுகள் முடிகிற வரை ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்ளுங்கள், தலை சுற்றல் வருகிறவர்கள் குறிப்பாக. காலுக்கு வரி ஆழமான ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ. கிளியூர் அருவிக்கு இறங்கும் வழியில் ஈரப்பாறையில் வழவழப்பான அடிச்செருப்பு நிற்காது. சேலை கட்டிப் போவதானால் காட்டனோ மெல்லிய கம்பளி கலந்ததோ. ஜார்ஜெட் காற்றில் பறந்து உங்களை ஒரு போட்டோ எடுக்க விடாது.

ஏற்காட்டிலிருந்து தினமும் கீழே வேலைக்கு வருகிறவர்களுக்கு இதே அடுக்கு தலைகீழ். ஆபீஸ் சட்டை காட்டனில் இருக்கட்டும். ஸ்வெட்டரை அடிவாரத்தில் கழற்றும்போது மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், பையில் இடமும் குறையும் சுருக்கமும் விழாது.

துவைப்பதில் போகிற துணி

வெள்ளைத் துணி மங்கிப்போவதற்குச் சேலத்தில் முதல் காரணம் போர் தண்ணீர். அதன் கடினத்தன்மையில் சோப்பு நுரைக்காமல் திரிந்து இழையில் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் சோப்பு போட்டால் இன்னும் ஒட்டும். துவைப்பது எதிலானாலும் கடைசி அலசலை, குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். அது வராத நாளில் வாளிக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டு அலசி, பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசலாம். சொட்டு நீலம் அரை வாளிக்கு நாலைந்து சொட்டு. முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வாளியில் ஊற்றுங்கள், துணியை அதன்பிறகு போடுங்கள்.

சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தால் பெரிய பயன் இல்லை. பிடிக்காத சாயத்தை உப்பு பிடிக்கவைக்காது. முதல் மூன்று சலவைக்குத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் அலசி எடுங்கள். அதற்கும் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தத் துணியைக் கடைசி வரை தனியாகத்தான் துவைக்க வேண்டும். மொட்டை மாடியில் காயப்போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். நிழல் இருக்கிற பக்கமாகப் போடுங்கள். ஏப்ரல் வெயிலில் காட்டன் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மாலை வரை விட்டுவைத்தால் வெளுப்பது தோள்பட்டையில் ஆரம்பிக்கும், ஏனென்றால் கொடியில் வெயிலைப் பார்த்து நிற்பது அந்த மடிப்புதான்.